சோழர் குடும்பம் ஏறத்தாழ 430 ஆண்டுகள் அரியணையைத் தக்க வைத்தது எப்படி?

வடகரை வாசகன்:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே முன்வைக்கிறேன்.

விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிய 850ஆம் ஆண்டை ஒட்டிய காலம் முதல், மூன்றாம் இராஜேந்திரனின் ஆட்சி மறைந்த 1279 வரை, சோழ அரியணையில் அமர்ந்தவர்கள் அனைவரும் தந்தை வழியாகவோ தாய் வழியாகவோ ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அதே காலத்து அண்டை அரசுகளைப் பாருங்கள். மேலைச் சாளுக்கியத்தில் ஆறாம் விக்கிரமாதித்தன் தன் தமையன் இரண்டாம் சோமேசுவரனை 1076இல் வீழ்த்திவிட்டே முடி சூடினான். பாண்டிய நாட்டில் மாறவர்மன் குலசேகரனின் மக்களான சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் தமக்குள் போரிட்டு, மாலிக் கபூர் மதுரை வரை வருவதற்கு வழி திறந்துவிட்டார்கள். உதுமானியப் பேரரசில் மூன்றாம் மெகமது 1595இல் ஆட்சிக்கு வந்தவுடன் தன் சகோதரர்கள் 19 பேரைக் கொல்லச் செய்தான் என்று படிக்கிறோம்.

சோழர்களிடமும் மன்னர்களுக்குப் பல மனைவியர், பல புதல்வர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு கேட்கக்கூடியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். இருந்தும், உடன்பிறந்தார் ஒருவரை ஒருவர் எதிர்த்துக் களத்தில் நின்ற செய்தி கல்வெட்டுகளில் எனக்குத் தென்படவில்லை. படைவலிமையும் காவிரிச் சமவெளியின் நெல்லும் வெளிப்பகையை வெல்வதற்கு உதவியிருக்கும். குடும்பத்துக்குள் இருக்கும் பகையை அவை எப்படி அடக்கும்? உட்பூசலைத் தடுக்கும் ஏற்பாடு ஏதேனும் இருந்ததா, அல்லது பூசல்கள் நடந்தும் பதிவாகாமல் போயினவா? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

---

கல்லெழுத்து:

நல்ல கேள்வி. ஏற்பாடு இருந்தது என்பதே என் உறுதியான எண்ணம். வாரிசுச் சிக்கல் பெரும்பாலும் மன்னன் இறந்த மறுநாளில் தொடங்குகிறது. சோழர்கள் அந்த மறுநாளே வராதபடி பார்த்துக்கொண்டார்கள். தந்தை நல்ல உடல்நலத்துடன் இருக்கும்போதே அடுத்தவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, அவன் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

முதலாம் இராஜேந்திரனின் ஆண்டுக் கணக்கு 1012இல் தொடங்குகிறது. முதலாம் இராஜராஜன் 1014 வரை இருந்தான். இராஜேந்திரன் தன் மகன் இராஜாதிராஜனுக்கு 1018இலேயே முடி சூட்டினான். தானோ 1044 வரை ஆண்டான். அதாவது ஏறத்தாழ 26 ஆண்டுகள் தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்டிருக்கிறார்கள். கீழ்நிலை அதிகாரிகளும், படைத்தலைவர்களும், ஊர்ச் சபைகளும் ஒரு தலைமுறைக் காலம் இராஜாதிராஜனின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிந்து பழகிய பிறகு, 1044இல் எவரேனும் எழுந்து "எனக்கே உரிமை" என்று சொன்னால் எடுபட்டிருக்குமா? இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைச் சொல்லும் பகுதி) அவனுக்குத் தமையன் ஒருவன் இருந்ததைக் குறிப்பிடுவதால், அவன் மூத்த மகன் அல்லன் என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். மூத்தவன் என்பதைவிட வல்லவன் என்பதற்கு இடம் கொடுக்கும் தேர்வை, தேர்ந்தெடுத்த தந்தை அருகிலிருந்தே பாதுகாத்திருக்கிறான்.

பட்டம் கிடைக்காத இளவரசர்களை என்ன செய்தார்கள் என்பதே இதைவிட முக்கியம். அவர்களை அரண்மனையில் சும்மா உட்கார வைக்கவில்லை. இராஜேந்திரன் தன் மகன் ஒருவனை மதுரைக்கு அனுப்பினான். அவன் சடையவர்மன் என்ற பாண்டியப் பட்டத்தையும் சோழ பாண்டியன் என்ற பெயரையும் ஒருசேரத் தாங்கி, தன் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணினான். அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள மன்னார்கோயிலுக்குச் செல்பவர்கள் சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியனின் கல்வெட்டுகளை அங்கே காணலாம். வென்ற நாட்டை ஆள நம்பிக்கையான ஆளும் கிடைத்தது. ஓர் இளவரசனுக்கு முடியும் நாடும் வருவாயும் கிடைத்தன. இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி சிறிய தந்தை, தமையன், தம்பியர், மக்கள் ஆகியோருக்கு வானவன், மீனவன், கங்கன், பல்லவன் என்று பட்டங்கள் சூட்டி முடி கவித்ததை வரிசையாகச் சொல்கிறது. இரண்டாம் இராஜேந்திரனின் கல்வெட்டும் அதேபோல் உறவினர்களின் பட்டியலைத் தருகிறது. அந்தப் பட்டங்களில் சில வெறும் அலங்காரமாக இருந்திருக்கலாம். ஆயினும் குடும்பத்தின் ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு பெயரும் ஒரு வரிசையும் உண்டு என்று கல்லில் வெட்டி ஊருக்குச் சொன்ன குடும்பம் அது.

இராஜகேசரி, பரகேசரி என்று மன்னர்கள் மாறி மாறிப் பட்டம் புனைந்ததும் இந்த ஒழுங்கையே காட்டுகிறது. இரண்டாம் இராஜேந்திரன் பரகேசரி. அவன் மகன் இராஜமகேந்திரன் இராஜகேசரி என்ற பட்டத்துடன் இளவரசனாக இருந்து, தந்தைக்கு முன்பே மறைந்தான். உடனே இரண்டாம் இராஜேந்திரனின் தம்பி வீரராஜேந்திரன் அதே இராஜகேசரிப் பட்டத்துடன் அந்த இடத்துக்கு வந்தான். ஆள் மாறினாலும் இடம் மாறவில்லை.

போர்க்களத்திலும் இதைக் காண்கிறோம். 1054இல் கொப்பத்தில் இராஜாதிராஜன் யானை மேலிருந்தபடியே வீழ்ந்தான். சாளுக்கியப் படை வெற்றி பெற்றதாகவே எண்ணியிருக்க வேண்டும். ஆனால், முன்பே இளவரசனாகத் தேர்ந்திருந்த தம்பி இரண்டாம் இராஜேந்திரன் முன்னே வந்து போரைத் திருப்பி, அந்தக் களத்திலேயே முடி சூடிக்கொண்டான். இராஜாதிராஜனுக்கு மக்கள் இருந்தும் தம்பியை முன்னிறுத்தியிருந்தார்கள். சாளுக்கியருடன் ஓயாத போர் நடந்துகொண்டிருந்த எல்லையில் படை நடத்தப் பழகிய ஒருவன் தேவைப்பட்டான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

---

மண்ணியாறு:

கல்லெழுத்து அவர்கள் சொன்ன ஏற்பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால், அது எப்போதும் அமைதியாக இயங்கியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் காட்டும் உறுதியான சான்றுகள் பெரும்பாலும் 1012க்குப் பிற்பட்டவை. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் இந்தக் குடும்பம் சிதறும் நிலைக்கே வந்தது.

949இல் தக்கோலப் போரில் இளவரசன் இராஜாதித்தன் மாண்டான். அவன் தந்தை முதலாம் பராந்தகன் அப்போது உயிருடன் இருந்தான். பல ஆண்டுகள் திட்டமிட்டு வளர்த்த வாரிசு ஒரே நாளில் போய்விட்டான். அதன் பிறகு கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன் என்று அரியணை விரைவாகக் கைமாறியது. கண்டராதித்தனின் மகன் உத்தம சோழன் குழந்தையாக இருந்ததால் ஆட்சி அரிஞ்சயனின் கிளைக்குச் சென்றது. அந்தக் குழந்தை வளர்ந்து உரிமையுடன் நின்றபோது, சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான்.

காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டைப் படித்திருப்பீர்கள். "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" என்று தொடங்கி, சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று அது பெயர்களை அடுக்குகிறது. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிச்சோழன் என்பதோ சோழப் பட்டம். ஒருவன் பகை நாட்டின் விருதையும், மற்றவன் கொலையுண்டவனின் குடும்பமே கொடுத்த விருதையும் தாங்கியவர்கள். அவர்களுடைய உடைமைகளும் உறவினரின் உடைமைகளும் பறிக்கப்பட்டது பற்றிய ஆணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குச் செல்கிறது. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு வைத்ததனால்தான் இந்தச் செய்தியே நமக்குக் கிடைத்திருக்கிறது. கொலையை அறிவிப்பதற்காக எவரும் கல் வெட்டவில்லை.

இந்த ஆணை இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏறத்தாழ 987. கொலைக்கும் இதற்கும் இடையில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்திருக்கிறது. அதனால்தான் சாஸ்திரியார் உத்தமன் மீது ஐயம் கொண்டார். முந்தைய நடவடிக்கைகளின் எச்சமே இந்த ஆணை என்று வேறு அறிஞர்கள் மறுக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத விரும்பவில்லை. ஆனால் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதைப் பாருங்கள்: மக்கள் வேண்டியும், சிற்றப்பன் உத்தமனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருண்மொழி (பின்னாளில் முதலாம் இராஜராஜன்) விலகி நின்றானாம். இதை எழுதச் செய்தவன் அருண்மொழியின் மகன். ஓர் உடன்படிக்கையை, ஒருவேளை கசப்பான ஓர் உடன்படிக்கையை, பெருந்தன்மையாக மாற்றிச் சொல்லும் உரிமை வென்ற கிளைக்குக் கிடைத்தது. வடகரை வாசகன் கேட்ட "பதிவாகாமல் போயினவா" என்ற வினாவுக்கு, 985க்கு முன்பைப் பொறுத்தவரை என் விடை "ஆம்" என்பதே.

---

திருமுதுகுன்றம்:

மண்ணியாறு அவர்கள் குறிப்பிட்ட அந்தக் காலத்திலேயே நின்று ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இரு கிளைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் போனதற்கு அந்தக் குடும்பத்துப் பெண்கள் முக்கியமான காரணம். இதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

செம்பியன் மாதேவி கண்டராதித்தனின் தேவி; உத்தம சோழனின் தாய். கணவனை இழந்தபின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, சுந்தர சோழன், உத்தமன், இராஜராஜன் ஆகிய மூவரின் ஆட்சியிலும் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எழுப்பிக்கொண்டே இருந்தார். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரத்தில், லிங்கத்தை வழிபடும் கண்டராதித்தனின் உருவத்தை அவர் கல்லில் செதுக்கி வைத்ததை இன்றும் காணலாம். எங்கள் விருத்தாசலத்துக் கோயிலிலும் அவருடைய திருப்பணி உண்டு. தன் மகனுக்குப் போட்டியாளனாக இருந்திருக்கக்கூடிய இராஜராஜன் முடி சூடிய பின்னும், அவருடைய மதிப்பும் கொடைகளும் குறையவில்லை. அவருடைய பெயரிலமைந்த ஊரில், உத்தமனின் தேவியர் தம் மாமியாரின் பிறந்த நாளான சித்திரைக் கேட்டையைக் கொண்டாட நிவந்தம் (கோயில் செலவுக்கான கொடை) வைத்தார்கள்.

உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை இராஜராஜன் என்ன செய்தான் என்பதையும் கவனியுங்கள். உரிமை கோரத் தக்க அந்த மகன் கொல்லப்படவும் இல்லை, துரத்தப்படவும் இல்லை. கோயில் காரியங்களை ஆராயும் உயர் அதிகாரியாக இராஜராஜனின் ஆட்சியிலேயே பணியாற்றினான். பாட்டி கட்டிய கோயில்களின் உலகத்திலேயே பேரனுக்கும் மதிப்பான ஓர் இடம் கிடைத்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் இட்ட ஆணையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை: "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்கிறான். தனக்கு அடுத்து அக்கன் குந்தவை, அதன்பின் தேவியர், அதன்பின் மற்றவர். இந்த வரிசையைப் படிக்கும் எந்த ஊர்ச் சபையாருக்கும், அரசு என்றால் ஒரு மனிதன் மட்டும் அல்லன், ஒரு குடும்பம் என்பது புரிந்துவிடும். முதலாம் இராஜேந்திரன் தன்னைப் பெறாத தாயான பஞ்சவன் மாதேவிக்குப் பழையாறையில் பள்ளிப்படை (இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில்) எழுப்பினான். பல தேவியர் உள்ள அரண்மனையில் மாற்றாந்தாயின் நினைவுக்குக் கோயில் எழுப்பும் மகன், அவருடைய உறவினருக்கும் ஒன்றை உணர்த்துகிறான் அல்லவா?

திருமணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுவேட்டரையர், கொடும்பாளூர் வேளிர், மலையமான் என்று வலிய குறுநிலத் தலைவர்களின் வீட்டுப் பெண்களைத் தேவியராகக் கொண்டு, தொடக்ககாலச் சோழர்கள் அந்த வீடுகளைத் தம் வீட்டுடன் பிணைத்தார்கள். இராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் மகள்.

---

வடகரை வாசகன்:

மூவருக்கும் நன்றி. கோயில் காரியம் பார்த்த மதுராந்தகன் கண்டராதித்தனைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. இனி அந்தக் கல்வெட்டுகளைத் தேடிப் படிப்பேன்.

ஒரு துணைக்கேள்வி. பட்டத்து இளவரசனை முன்கூட்டியே நிறுத்தும் ஏற்பாடு அவ்வளவு வலுவானதென்றால், 1070இல் வேங்கியிலிருந்து (ஆந்திரக் கடற்கரைப் பகுதியிலிருந்த கீழைச் சாளுக்கிய நாடு) வந்த குலோத்துங்கன் எப்படி முடி சூட முடிந்தது? அதிராஜேந்திரன் முறைப்படி இளவரசனாக இருந்தவன்தானே?

---

கல்லெழுத்து:

ஆம், முறைப்படி நிறுத்தப்பட்டவன்தான். வீரராஜேந்திரன் 1070இல் மறைந்தான். அதிராஜேந்திரனும் சில மாதங்களிலேயே மறைந்தான். விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர், தம் தலைவன் தென்னாட்டுக்கு வந்து மைத்துனனை அரியணையில் அமர்த்திச் சென்றதாகவும், அவன் திரும்பிய சிறிது காலத்திலேயே புதிய கலகத்தில் அந்தச் சோழன் உயிரிழந்ததாகவும் எழுதுகிறார். கலகத்துக்கான காரணத்தைப் பற்றிப் பல கருத்துகள் உள்ளன. அவற்றுக்குள் நான் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு விடை குலோத்துங்கனின் பிறப்பில் இருக்கிறது. இராஜராஜனின் மகள் குந்தவை வேங்கி விமலாதித்தனுக்கு மனைவியானாள். அவர்களுடைய மகன் இராஜராஜ நரேந்திரன், முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தான். அவர்களுடைய மகனே குலோத்துங்கன். அவன் மணந்ததும் இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. தந்தை பெயரால் கீழைச் சாளுக்கியன். பாட்டி, தாய், மனைவி ஆகிய மூவராலும் சோழன். வேங்கியைக் கட்டுக்குள் வைக்கத் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்த குடும்பத்துக்கு, தன் ஆண்வழி அற்ற நாளில் அந்தப் பெண்வழியே வாரிசைத் திருப்பிக் கொடுத்தது.

வந்தவன் தன்னை அயலானாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. தொடக்கக் கல்வெட்டுகளில் இராஜேந்திர சோழன் என்ற பெயரையே வைத்துக்கொண்டான். பரகேசரியான அதிராஜேந்திரனுக்கு அடுத்து இராஜகேசரியாகப் பட்டம் ஏற்றான். அதாவது வரிசையில் ஓர் இடம்கூட விடாமல், தனக்கு முன்னிருந்தவனின் ஆட்சியையும் ஏற்றுக்கொண்டே அமர்ந்தான். அவனுடைய மெய்க்கீர்த்தி "பூமகள் பொதுமையும் பொன்னியாடை நன்னிலப் பாவையின் தனிமையும் தவிர" அவன் முடி சூடியதாகச் சொல்கிறது. ஆளின்றி நின்ற நாட்டுக்கு வந்தவனாகவே அவன் பேசுகிறான், பறித்தவனாகப் பேசவில்லை.

பிறகு அவனும் பழைய முறையையே கையாண்டான். வேங்கிக்குத் தன் மக்களை ஒருவர்பின் ஒருவராக அனுப்பினான். முதலில் சென்ற மும்முடிச் சோழன் ஓராண்டிலேயே திரும்பிவிட்டான்; தந்தையின் திருவடிகளில் இருக்கும் இன்பம் அந்த அரசில் இல்லை என்று அவன் கருதியதாகச் செப்பேடு சொல்கிறது. சோழ அரியணைக்கு அருகிலேயே இருக்க அவன் விரும்பினான் என்றும் அதைப் படிக்கலாம். இறுதியில், வேங்கியில் ஆட்சி பழகிய விக்கிரம சோழனை 1118இல் அழைத்துத் தன்னோடு முடி சூட்டிவிட்டே குலோத்துங்கன் மறைந்தான்.

---

மண்ணியாறு:

இதற்கு மேல் கல்லெழுத்து அவர்களுடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இதே ஏற்பாடு எங்கே பயனற்றுப் போனது என்பதையும் பார்த்துவிட்டால் கேள்விக்கு முழு விடை கிடைக்கும்.

மயிலாடுதுறை வட்டாரத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, இரண்டாம் இராஜராஜனின் இறுதிக்காலத்தை நேரில் நின்று பார்ப்பதுபோலக் காட்டுகிறது. அவனுடைய பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். பட்டம் கட்டத் தக்க மகன் இல்லை. ஆகவே, கங்கைகொண்டசோழபுரத்தில் இருந்த, விக்கிரம சோழனின் மகள்வழிப் பேரனை அழைத்து வந்து முடி சூட்ட ஏற்பாடு செய்தார்கள். அவனே இரண்டாம் இராஜாதிராஜன். மன்னன் இறந்தபோது, பெருமானம்பிப் பல்லவராயர் என்ற பேரதிகாரி குழந்தைகளையும் அரண்மனைப் பெண்களையும் ஆயிரத்தளிப் படைவீட்டிலிருந்து வெளியேற்றி, இராஜராஜபுரத்தில் வைத்துக் காத்தார். பின்னர் உடன்கூட்டத்தாரும் நாட்டாரும் ஒருப்பட, புதிய மன்னனுக்கு முடி சூட்டப்பட்டது.

முன்பு தந்தை செய்த தேர்வை இங்கே ஓர் அதிகாரி முன்னின்று நடத்துகிறார். நாட்டாரின் இசைவும் வேண்டியிருக்கிறது. குழந்தைகளை ஏன் படைவீட்டை விட்டு அகற்ற வேண்டியிருந்தது என்பதைக் கல்வெட்டு வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், அச்சம் இருந்தது தெளிவு. அடுத்த அரை நூற்றாண்டில் சம்புவராயர், காடவராயர் போன்ற தலைவர்கள், இன்னார்க்கு இன்னார் துணை என்று தமக்குள் உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டும் அளவுக்கு வளர்ந்தார்கள். முதலாம் இராஜராஜனின் காலத்தில் மூவேந்தவேளான் என்ற பட்டத்துடன் அதிகாரிகள் நிரம்பியிருந்த அரசில், பிற்காலத்தில் ஊர்தோறும் இத்தகைய தலைவர்களே தென்படுகிறார்கள். 1231இல் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராஜராஜனையே சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள மன்னன் நரசிம்மனின் தளபதிகள் வந்து மீட்டதைத் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது.

1246இல் மூன்றாம் இராஜேந்திரன், மூன்றாம் இராஜராஜன் உயிருடன் இருக்கும்போதே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கினான். முறை அதே பழைய முறைதான். 1018இல் நடந்ததும் இதுதான். ஆனால் 1018இல் இளவரசர்களை அனுப்ப மதுரை இருந்தது, பின்னர் வேங்கியும் இருந்தது. 1246இல் மதுரையில் பாண்டியர்கள் தனியரசாக இருந்தார்கள், வேங்கி காகதியர் பக்கம் போய்விட்டது, காவிரிக்கரையிலேயே கண்ணனூரில் போசளர்கள் வந்து அமர்ந்திருந்தார்கள். இரண்டு மன்னர்களுக்கு ஒரே நேரத்தில் முடி இருந்தது. பகிர்ந்துகொள்வதற்கு நாடு இல்லை.